காந்தம் தொட்ட விதை, கதிர் பட்ட நாற்று

விதைப்பதற்கு முன் தக்காளி விதையை ஒரு காந்தப்புலத்தில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால், அப்படி வைக்காத விதையைவிட அது விரைந்து முளைக்கிறது. இதைச் சொன்னவர்கள் காந்தம் விற்பவர்கள் அல்லர். டெல்லி பூசாவில் இருக்கும் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தினர். அவர்கள் பயன்படுத்திய காந்தப்புலத்தின் வலிமை 100 மில்லிடெஸ்லா. ஆய்வு வெளியான ஆண்டு 2019. இன்னொரு பக்கம், நம் தோலைக் கருக்கிக் கண்புரைக்கும் வழிவகுக்கும் புற ஊதாக் கதிர், அளவோடு பட்டால் நாற்றைக் குட்டையாகவும் உறுதியாகவும் வளர்க்கிறது, வயலில் நட்டால் துவளாமல் நிற்கும்படி செய்கிறது. இதுவும் பல ஆய்வகங்களில் கண்ட முடிவுதான்.

ரசாயனம் இல்லாமல் விதைக்கும் நாற்றுக்கும் ஊக்கம் தரும் வழிகள் என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் அறிவியல் ஒரே உறுதியுடன் நிற்கவில்லை. புற ஊதாக் கதிரை நாற்று எப்படி உணர்கிறது என்பது மூலக்கூறு வரை தெரிந்துவிட்டது. காந்தத்தை விதை எப்படி உணர்கிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. கையிலிருந்து காசு போட்டுக் கருவி வாங்க நினைப்பவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

முதலில் காந்தம்.

அளவு புரிய ஓர் ஒப்பீடு. தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா, அதாவது 0.04 மில்லிடெஸ்லா. திசைகாட்டி முள்ளைத் திருப்புவதற்கு அது போதும். விதை ஆய்வுகளில் பயன்படுவது பெரும்பாலும் 50 முதல் 250 மில்லிடெஸ்லா வரை. 100 என்று வைத்துக்கொண்டால் நம் காலடியில் இருப்பதைப்போல 2500 மடங்கு. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியில் இருப்பது 1500 அல்லது 3000 மில்லிடெஸ்லா. எனவே விதைக்குக் கொடுப்பது பயங்கரமான புலமும் அல்ல, அற்பமானதும் அல்ல. பழைய அலகில் சொன்னால் 100 மில்லிடெஸ்லா என்பது 1000 காஸ்.

செய்முறை எளிது. உலர்ந்த விதையைக் காந்தம் ஈர்க்காத பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே வைப்பார்கள். புலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நடுவே. குறிப்பிட்ட நேரம் ஆனதும் எடுத்து விதைப்பார்கள். அவ்வளவுதான். பாகல் விதையை இரவெல்லாம் ஊறவைத்து விதைப்பது நமக்குப் பழக்கமான நேர்த்தி. ஆனால் ஊறவைத்த விதையைத் திரும்பக் காயவைத்துப் பையில் கட்டி வைப்பது தொல்லை பிடித்த வேலை. கொஞ்சம் தவறினால் பூஞ்சை பிடித்துவிடும். காந்த நேர்த்தியில் விதை கடைசிவரை உலர்ந்தே இருக்கிறது. இந்த முறையின் உண்மையான கவர்ச்சி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பூசாவில் இந்த வேலை தக்காளியோடு தொடங்கவில்லை. 2008இல் கொண்டைக்கடலை, அடுத்துச் சூரியகாந்தி, 2012இல் வெள்ளரி என்று பல விதைகளைச் சோதித்திருக்கிறார்கள். வெள்ளரியில் நன்றாக வேலை செய்தது 200 மில்லிடெஸ்லா, ஒரு மணி நேரம். அதற்கு வெகு முன்பே 1930இல் சோவியத் நாட்டில் சவோஸ்டின் என்பவர் காந்தப்புலத்தில் கோதுமை நாற்று நீண்டு வளர்வதைப் பதிவு செய்தார். 1960களில் கனடாவின் லெத்பிரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் பிட்மன் என்பவர், குளிர்காலக் கோதுமையின் வேர்கள் வடக்குத் தெற்காக அணிவகுப்பதைக் கண்டு காந்தத்தின் பக்கம் திரும்பினார். கியூபாவின் கிரான்மா மாகாணத்தில் தக்காளி விதைக்கு 100 மில்லிடெஸ்லாவில் 10 நிமிடமும், 170 மில்லிடெஸ்லாவில் 3 நிமிடமும் கொடுத்து வயலில் நட்டுப் பார்த்தார்கள். நேர்த்தி செய்த செடிகள் நன்கு வளர்ந்து கூடுதலாகக் காய்த்தன. இலையைத் தாக்கும் ஜெமினி வைரசும் முன்பருவ இலைக்கருகலும் தாமதமாக வந்தன. 2006இல் வந்த அந்தக் கட்டுரையைத் துறையில் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆய்வகத் தட்டோடு நின்றுவிடாமல் காய் பறிக்கும் வரை போன ஆய்வு என்பதால் அதற்கு அந்த மதிப்பு.

விதைக்குள் என்ன நடக்கிறது? பார்க்க முடிந்த மாற்றங்கள் இவை: காந்தம் பட்ட விதை தண்ணீரைச் சற்று வேகமாக உறிஞ்சுகிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆமிலேஸ், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் போன்ற நொதிகள் சுறுசுறுப்படைகின்றன. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடின் அளவு கூடுகிறது. புண் கழுவப் பயன்படும் அதே பெராக்சைடுதான். விதைக்குள் அது மிகச் சிறிய அளவில் ஒரு தூது வேலை செய்கிறது. உறக்கத்தில் பிடித்து வைத்திருக்கும் அப்சிசிக் அமிலத்தைக் குறைத்து, முளைக்கச் சொல்லும் ஜிப்ரலினை ஓங்கச் செய்கிறது. தக்காளி ஆய்வு காட்டியது முக்கியமாக இதைத்தான். கதையின் இரண்டாம் பாதி இப்படி ஓரளவு தெளிவாகவே இருக்கிறது.

முதல் பாதிதான் சிக்கல். அசையாத ஒரு காந்தப்புலம், உலர்ந்த விதைக்குள் எதைப் பிடித்து முதலில் அசைக்கிறது?

கணக்கு போட்டுப் பார்த்தால் சிக்கல் எவ்வளவு பெரியது என்று புரியும். அறை வெப்பநிலையில் ஒவ்வொரு மூலக்கூறும் வெப்பத்தால் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த அதிர்வின் ஆற்றலோடு ஒப்பிட்டால், 100 மில்லிடெஸ்லா புலம் ஓர் எலக்ட்ரானின் சுழற்சிக்குக் கொடுக்கும் ஆற்றல் சுமார் 4000இல் ஒரு பங்குதான். சந்தை இரைச்சலில் காதோடு காதாகச் சொன்ன ரகசியம் மாதிரி. வேதிப் பிணைப்பு எதையும் அதனால் உடைக்க முடியாது.

ஆனாலும் இயற்பியல் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சில வேதி வினைகளில் ஒரு கணம் இரண்டு தனி எலக்ட்ரான்கள் ஜோடியாகத் தோன்றும். அவற்றின் சுழற்சி ஒன்றுக்கொன்று எதிராக இருக்கிறதா, ஒரே பக்கமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து வினை எந்தப் பக்கம் முடியும் என்பது மாறும். அந்தத் தீர்மானத்தை மிக மெல்லிய காந்தப்புலமும் பாதிக்கலாம். பறவைகள் திசை அறிவதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். அதில் சம்பந்தப்பட்ட கிரிப்டோகுரோம் என்ற புரதம் செடிகளிலும் இருக்கிறது. அப்படியானால் விடை கிடைத்துவிட்டதே என்று தோன்றும். அங்கேதான் ஒரு தடங்கல். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில், காந்தப்புலம் கிரிப்டோகுரோம் வழியாக நாற்றின் உயரத்தை மாற்றுகிறது என்று 2007இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. 2009இல் வேறொரு குழு அதையே கூடுதல் கவனத்தோடு திரும்பச் செய்தது. எந்த மாற்றமும் தெரியவில்லை. தவிர, கிரிப்டோகுரோம் வேலை செய்வதற்கு நீல ஒளி வேண்டும். நாம் பேசுவதோ குப்பிக்குள் உலர்ந்து கிடக்கும் விதையைப் பற்றி.

காரணம் தெரியாவிட்டால் என்ன, பலன் கிடைத்தால் போதாதா என்று ஒரு விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்வி. வேப்பம்புண்ணாக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டா நம் முன்னோர் போட்டார்கள்? ஆனால் காரணம் தெரியாத இடத்தில் பலனை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். காந்த ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு உறுத்துகிற இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, 'வீரியக் குறியீடு'. முளைப்பு விழுக்காட்டை நாற்றின் நீளத்தால் பெருக்கினால் வருவது அது. 1973 முதல் புழக்கத்தில் இருக்கும் அளவுகோல், தவறானது அல்ல. ஆனால் பெருக்கல் எப்போதும் பெரிதாகக் காட்டும். சாதாரண விதையில் முளைப்பு 80 விழுக்காடு, நாற்றின் நீளம் 10 சென்டிமீட்டர் என்றால் குறியீடு 800. நேர்த்தி செய்ததில் 88 விழுக்காடு, 11.5 சென்டிமீட்டர் என்றால் 1012. முளைப்பில் 10 விழுக்காடு, நீளத்தில் 15 விழுக்காடு என்று இருந்த லாபம், குறியீட்டில் 26 விழுக்காடாக உப்பிவிட்டது. விளம்பரத்தில் அச்சாவது எந்த எண் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, எந்த அளவு வேலை செய்கிறது என்பதில் ஓர் ஒழுங்கு இல்லை. கொண்டைக்கடலையில் 50 முதல் 250 மில்லிடெஸ்லா வரை ஐந்து வலிமை, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு மணி நேரம் என்று 20 விதமாகச் செய்தார்கள். 50இல் இரண்டு மணி, 100இல் ஒரு மணி, 150இல் இரண்டு மணி ஆகிய மூன்றும் சிறந்து நின்றன. உரம் என்றால் கூட்டக் கூட்ட ஏறி, ஓர் எல்லைக்கு மேல் இறங்கும். இங்கே படி ஏறுவதுபோல் இல்லாமல் தாவித் தாவிப் போகிறது. உயிர்களுக்குள் இப்படியும் நடக்கலாம்தான். ஆனால் 20 சீட்டு எடுத்தால் இரண்டு மூன்று நல்லதாக வருவதும் இயல்பு. அந்த மூன்றை மட்டும் புதிய விதைக் குவியலில், வேறோர் ஊரில், வேறொருவர் திரும்பச் செய்து பார்த்தால்தான் ஐயம் தீரும். தக்காளிக்கு டெல்லியில் சொன்ன அளவும் கியூபாவில் சொன்ன அளவும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள்.

மொத்தத்தில் என் கணிப்பு இது: காந்தத்தின் விளைவை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது, ஆனால் அது சிறியது. புத்தம் புதிய, 95 விழுக்காடு முளைக்கும் விதையில் காந்தம் எதைக் கூட்டிவிடும்? கூட்ட இடமே இல்லை. வீரியம் குறைந்த, நாள்பட்ட விதையில்தான் இடம் இருக்கிறது. நம் நாட்டின் சான்று விதைத் தரப்படி தக்காளிக்குக் குறைந்தபட்ச முளைப்பு 70 விழுக்காடு, மிளகாய்க்கு 60. அந்த விளிம்பில் நிற்கும் விதைக்குக் காந்தம் கை கொடுக்கலாம். பொட்டலத்தில் அடைத்து உயர்ந்த விலையில் வரும் கலப்பின விதைக்கு அது தேவையில்லை.

அடுத்தது புற ஊதா. இங்கே நிலம் உறுதியானது.

புற ஊதாவில் மூன்று பிரிவுகள். 315 முதல் 400 நானோமீட்டர் வரை ஏ, 280 முதல் 315 வரை பி, அதற்குக் கீழே சி. சூரியனிலிருந்து வரும் சி முழுவதையும் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. பியில் பெரும்பகுதியை ஓசோன் படலம் வடிகட்டிவிடுகிறது. தரைக்கு வரும் புற ஊதாவில் 95 விழுக்காடு வரை ஏதான். எஞ்சி வரும் அந்தச் சிறு பங்கு பி, அளவில் சிறிதென்றாலும் செடியை ஆட்டிவைப்பது அதுதான். மலைமேல் போகப் போக ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 10 விழுக்காடு கூடும் என்பதால், ஊட்டிக் காரட்டும் கொடைக்கானல் முட்டைக்கோசும் தெளிந்த வானத்தின் கீழ் சமவெளிப் பயிரைவிடக் கூடுதலாகவே வாங்குகின்றன.

பி கதிர் செடிக்கு இரண்டு முகம் காட்டுகிறது. முதல் முகம் சேதம். டிஎன்ஏ ஏணியில் அடுத்தடுத்து இருக்கும் சில எழுத்துகளை அது ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அந்த இடத்தில் நகல் எடுக்க முடியாது. இதைச் சரிசெய்வதற்கென்றே செடிகளிடம் ஃபோட்டோலையேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வேலை செய்ய நீல ஒளியும் ஏ கதிரும் வேண்டும். அதாவது வெயிலில் ஒரு பகுதி உடைக்கிறது, இன்னொரு பகுதி ஒட்டவைக்கிறது. இயற்கை வெயிலில் இரண்டும் சேர்ந்தே வருவதால் செடி தப்பிக்கிறது. இருட்டறையில் வெறும் பி விளக்கை மட்டும் போட்டுச் செய்த பழைய சோதனைகளில் நாற்றுகள் பாழாய்ப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது முகம் செய்தி. 2011இல்தான் இது உறுதியானது. யூவிஆர்8 என்ற புரதம் செல்லுக்குள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு இருக்கும். பி கதிர் பட்டதும் அந்த ஜோடி பிரியும். மற்ற ஒளி ஏற்பிகள் கதிரைப் பிடிக்கத் தனியாக ஒரு நிறமியை வைத்துக்கொள்ளும். யூவிஆர்8க்கு அதுவும் வேண்டாம், தன் உடலிலேயே இருக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தால் பிடித்துக்கொள்கிறது. பிரிந்த ஒற்றைப் புரதம் காப்1 என்ற இன்னொரு புரதத்தோடு சேர, அதன் தொடர்ச்சியாக நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சேதமே ஏற்படாத அளவுக்கு மெல்லிய கதிரும் இதற்குப் போதும்.

விழித்த மரபணுக்கள் செய்யும் வேலையை நாற்றில் கண்ணால் பார்க்கலாம். இலையின் மேல்தோலில் ஃபிளேவனாய்டு என்னும் நிறமிகள் சேர்கின்றன. புற ஊதாவை விழுங்கிவிட்டு, உணவு தயாரிக்கத் தேவையான ஒளியை உள்ளே விடும் பொருள்கள் அவை. சில ரகங்களில் ஊதா நிற ஆந்தோசயனின் கூடுகிறது. சிவப்பு லெட்யூஸைக் கண்ணாடி வீட்டில் வளர்த்தால் சரியாகச் சிவக்காமல் போவது இதனால்தான்; கண்ணாடி பியை உள்ளே விடுவதில்லை. இலை தடிக்கிறது. மிக முக்கியமாக, தண்டை நீளச் செய்யும் ஆக்சின், ஜிப்ரலின் ஆகியவற்றின் கை தாழ்கிறது. நெருக்கமாக நிற்கும் நாற்றுகள் பக்கத்து நாற்றின் நிழலைக் கண்டு போட்டி போட்டுக்கொண்டு நீளும். பி கதிர் பட்டால் அந்தப் போட்டி அடங்குகிறது.

குழித்தட்டில் நாற்று வளர்ப்பவர்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட செய்தி. தென்னை நார்க்கழிவு நிரப்பிய தட்டில், நிழல்வலைக்கோ பசுமைக்குடிலுக்கோ அடியில் வளரும் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகள் நெடுநெடுவென்று வெளிறி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒளி குறைவு, நெருக்கம், தண்ணீர் அதிகம், தழைச்சத்து அதிகம் என்று பல காரணங்கள் உண்டு. பி கதிர் இல்லாமல் போவதும் அவற்றில் ஒன்று. கருப்பு நிழல்வலை எல்லா ஒளியையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைக்கிறது. ஆனால் பாலிகார்பனேட் கூரை, கண்ணாடி, புற ஊதாவைத் தடுக்கும் பாலித்தீன் ஆகியவை பியைக் கிட்டத்தட்ட முழுவதுமாக நிறுத்திவிடும். அங்கே வளர்ந்த நாற்றுக்கு உச்சி வெயில் என்றால் என்னவென்றே தெரியாது. நேரே வயலுக்குக் கொண்டுபோய் நட்டால் இரண்டே நாளில் இலை வெளுத்துக் கருகுகிறது. வெப்பமும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் அதில் பெரும் பங்கு. கவசமில்லாத இலைத்தோலுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் புற ஊதாவைத் தடுக்கும் பாலித்தீனை ஏன் போடுகிறார்கள்? அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. வெள்ளை ஈக்கும் இலைப்பேனுக்கும் புற ஊதா கண்ணுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் அவை செடியைத் தேடிப் பறக்கின்றன. கூரை அதைத் தடுத்துவிட்டால் உள்ளே வருவது குறைகிறது. தக்காளியில் இலைச்சுருட்டு வைரசைப் பரப்புவது வெள்ளை ஈதான் என்பதால், 1990களில் இஸ்ரேலில் இதைக் கண்டறிந்தது பெரிய லாபம். ஆக நாற்றுப் பண்ணைக்காரர் ஒரு கையில் பூச்சி குறைவையும் மறு கையில் நாற்றின் உறுதியையும் வைத்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்த தீர்வு, முளைத்த முதல் இரண்டு மூன்று வாரம் பூச்சி நுழையாத கூரைக்கு அடியில் வளர்த்துவிட்டு, நடவுக்கு முந்தைய ஒரு வாரம் திறந்த வெளிச்சத்துக்குப் படிப்படியாகப் பழக்குவது. தண்ணீரைக் குறைத்து நாற்றைக் கடினப்படுத்துமாறு வேளாண் துறையினர் நீண்ட நாளாகச் சொல்லிவரும் அறிவுரையோடு இது அப்படியே பொருந்துகிறது. நியூசிலாந்தில் பயோலூமிக் என்ற நிறுவனம் இதற்கென்றே புற ஊதா விளக்குகளை உருவாக்கி, லெட்யூஸ் நாற்றில் தொடங்கித் தொழிலாகவே செய்துவருகிறது. வெயில் அரிதான குளிர்நாட்டுக் கண்ணாடி வீட்டில் அது நியாயமான முதலீடு. ஏப்ரல் மாத மதுரையில் விளக்கு போட்டு நாற்றுக்குப் புற ஊதா காட்டுவது, கடலோரத்தில் உப்பு விலைக்கு வாங்குவதுதான்.

வெயில் தரும் கவசத்துக்கு விலையும் உண்டு. இந்தூரில் உள்ள தேவி அகில்யா பல்கலைக்கழகத்தில், புற ஊதாவை மட்டும் வடிகட்டும் தாள்களைப் பந்தல் போட்டுப் பயிர் வளர்த்தார்கள். புற ஊதா படாத கீரைச் செடிகள் திறந்த வெயிலில் நின்றவற்றைவிட நன்றாக வளர்ந்தன. சோயா, கோதுமை, பருத்தி ஆகியவற்றிலும் இதே போக்கைக் கண்டார்கள். கவசம் செய்யவும் பழுது பார்க்கவும் செடி தன் உணவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்கு இலைக்கும் காய்க்கும் போகாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் 1990களில் தட்டைப்பயறு போன்ற பயிர்களில் பி கதிர் உணவு தயாரிப்பை எப்படிக் குலைக்கிறது என்று ஆராய்ந்தார்கள். எனவே நாற்றுக்குப் புற ஊதா நல்லது என்று பொதுவாகச் சொன்னால் அது பாதி உண்மை. நடவுக்கு முன் சில நாள் பழக்கம் நல்லது என்பதே சரி.

சி கதிரின் கதை தனி. இயற்கையில் செடி சந்திக்காத கதிர் அது. குடிநீர் சுத்திகரிப்பானில் கிருமி கொல்லப் பயன்படும் 254 நானோமீட்டர் பாதரச விளக்கில் இருந்து வருவது. மிகக் குறைந்த அளவில் அதை விதைக்குக் கொடுத்தால் செடி தற்காப்புக்குத் தயாராகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவின் அலபாமாவில் முட்டைக்கோசு விதைக்குச் சதுர மீட்டருக்கு 3.6 கிலோஜூல் கொடுத்தபோது, பிறகு வளர்ந்த செடிகளில் கருப்பு அழுகல் நோய் குறைந்தது. 2001இல் வெளியான முடிவு. உப்பு நீரைத் தாங்குவதற்காக லெட்யூஸ் விதைக்கு இதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. சி கதிர் விதைத்தோலைத் தாண்டி அதிக ஆழம் போகாது என்பதால், உள்ளே இருக்கும் கருவுக்குச் செய்தி எப்படிப் போகிறது என்பது சுவையான கேள்வி. நோய்க்கிருமி விதையின் மேல்தோலில் ஒட்டியிருந்தால் அதைக் கொல்வது வேறு விஷயம். அது நேரடிப் பலன்.

அளவைப் பற்றி ஒரு சொல். கிலோஜூல் என்பது விளக்கின் வலிமையையும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. விதைமேல் விழும் கதிர் சதுர மீட்டருக்கு 1 வாட் என்றால் 3.6 கிலோஜூலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். 10 வாட் என்றால் ஆறே நிமிடம். விளக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாலே இந்தக் கணக்கு மாறிவிடும். அளவுமானி இல்லாமல் 'பத்து நிமிடம் காட்டினேன்' என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. அதோடு, கொரோனா காலத்தில் கிருமி நீக்கவென்று வாங்கிய சி விளக்கு வீட்டில் கிடக்கிறதே என்று எடுத்து விதைமேல் காட்ட வேண்டாம். சில நிமிடங்களிலேயே கண்ணின் மேற்படலத்தை எரித்துவிடும். உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் வலிக்கும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கோ ஏ வகை. மேலே சொன்ன எந்தப் பலனையும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

புற ஊதாக் கதிரை இன்னொரு விதமாகவும் பயன்படுத்துகிறார்கள். என் கணக்கில் இதுவே எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமான பயன்பாடு. வெள்ளரி, ஸ்ட்ராபெரி இலைகளில் மாவு தூவியதுபோல் படரும் சாம்பல் நோய்ப் பூஞ்சை இலையின் மேற்பரப்பிலேயே வாழ்கிறது. அதற்கும் டிஎன்ஏ பழுது பார்க்க வெளிச்சம் வேண்டும். நடு இரவில் குறைந்த அளவு கதிரைக் காட்டினால், விடிவதற்குள் பழுது பார்க்க முடியாமல் பூஞ்சை சாகிறது. நிறமிக் கவசம் உள்ள செடியோ விடிந்ததும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நார்வேயிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் செய்த ஆய்வுகளால் இது இன்று தானியங்கி வண்டியில் விளக்கைக் கட்டி இரவில் ஓட்டும் அளவுக்கு வந்திருக்கிறது.

காந்தமும் கதிரும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதே இந்தூர் பல்கலைக்கழகத்தில் சோயா விதையை 200 மில்லிடெஸ்லாவில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, முளைத்த நாற்றைப் பி கதிருக்கு உட்படுத்தினார்கள். காந்தம் பட்ட விதையிலிருந்து வந்த நாற்று, படாததைவிடக் கதிரைத் தாங்கியது. நைட்ரிக் ஆக்சைடு இதில் பங்கெடுக்கிறது என்று 2020, 2021 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் காட்டியிருக்கிறார்கள். காந்தம் விதைக்குள் ஒரு மெல்லிய நெருக்கடியை உண்டாக்கி, தற்காப்பு நொதிகளை முன்கூட்டியே தட்டியெழுப்பிவிடுகிறது, அதனால் பின்னால் வரும் பெரிய நெருக்கடி பழகியதாகிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அது சோயா. தக்காளிக்கும் மிளகாய்க்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல, அந்தந்த விதையில் வேறு வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்திருக்க வேண்டும்.

கருவி வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே குவியலில் இருந்து 400 விதையை எண்ணி எடுங்கள். 200க்குக் காந்தம், மீதி 200ஐ அதே அறையில், அதே நேரம், காந்தம் இல்லாத இரும்புத் துண்டுகளுக்கு நடுவே வையுங்கள். மின்காந்தம் சூடாகும் என்பதால் வெப்பநிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக் காந்தத்தில் செய்தால் ஒரு விரல் தள்ளினாலே புலம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். தட்டுக்கு 50 வீதம் எட்டுத் தட்டில் விதைத்து, எது எந்தத் தட்டு என்பதை வேறொருவர் குறித்துவைக்க, நீங்கள் தெரியாமலேயே எண்ணுங்கள். தக்காளி என்றால் 5ஆம் நாள் ஒரு முறை, 14ஆம் நாள் ஒரு முறை. 80 விழுக்காடு முளைக்கும் விதையில், இந்த எண்ணிக்கைக்கு 7, 8 புள்ளி வரையிலான வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. அதற்கு மேல் வந்தால் இன்னொரு குவியல் விதையில் திரும்பச் செய்யுங்கள். இரண்டு முறையும் வந்தால் காசு போடுங்கள். வரவில்லையென்றால் அந்தக் காசுக்கு நல்ல விதை வாங்குங்கள்.